1841 கணக்கெடுப்பில் வயது இடித்தால்

முன்னோரைத் தேடும்போது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்துப் பண்ணைக்கூலி ஒருவருக்கு 1841இல் வயது 30, 1851இல் 44 என்று இருக்கிறது. ஆள் வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1841இல் 15 தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 என்பது 30 ஆகிவிடும். சில கணக்கெடுப்பாளர்கள் சரியான வயதையே எழுதியதால் குழப்பம் இன்னும் கூடும்.

அந்த ஏட்டில் உறவுமுறையும் இல்லை. அடுத்த வரியிலுள்ள பெண் மனைவியா, தங்கையா? நான் எப்போதும் 1851 தாளிலிருந்து பின்னோக்கித்தான் போவேன். அதில் உறவும் பிறந்த ஊரும் உண்டு. பிறகு பிள்ளைகளின் பிறப்புப் பதிவு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரை ஒப்பிடுங்கள். நடுவில் அது மாறினால் பெரும்பாலும் இரண்டாம் தாரம்.

1851 தாளில் குடும்பமே அகப்படவில்லையா? எழுத்துப்பிழைதான் முதல் சந்தேகம். குடும்பப்பெயரைக் காலியாக விட்டு, அரிதான பெயருள்ள பிள்ளையை வயது இரண்டு முன்பின்னாக, பிறந்த ஊரோடு தேடுங்கள்.