கருவிலேயே தகப்பன் யாரென்று பார்க்கும் டி.என்.ஏ சோதனை: எங்கே தவறுகிறோம்

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராக, இவர்தான் தகப்பன் என்பதற்கான 99.9 சதவீதம் என்ற எண்ணுக்குத்தான் போகும். முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல. "கருவின் பங்கு" எவ்வளவு என்ற வரியைத் தேடுங்கள்.

தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ துணுக்குகள் மிதக்கின்றன என்று விஞ்ஞானி டென்னிஸ் லோவின் குழு 1997இல் காட்டியது. அவை நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. அவற்றை ஆணின் டி.என்.ஏவோடு ஒப்பிடுவதே இந்தச் சோதனை. பத்தாவது வாரத்தில், அப்படி மிதக்கும் டி.என்.ஏவில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குதான் கருவுடையது, மீதி தாயுடையது. தாயின் உடல் எடை கூடக்கூட இந்தப் பங்கு குறையும். இது மூன்று, நான்கு சதவீதத்துக்குக் கீழே போனால், "முடிவு சொல்ல இயலாது, இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள்" என்பதே நேர்மையான பதில். எந்த ரத்தத்துக்கும் முடிவு சொல்லிவிடுவோம் என்று பெருமையடிக்கும் லேபை நாங்கள் நம்பமாட்டோம்.

வாரக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். டாக்டர் சொல்லும் எட்டு வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணியது, கரு உருவாகி ஏறக்குறைய ஆறு வாரம்தான் ஆகியிருக்கும். ஸ்கேன் தேதியை வைத்து "இன்னாருடையதுதான்" என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. ஆரம்ப ஸ்கேனிலேயே ஐந்து முதல் ஏழு நாள் முன்பின் இருக்கும். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஒரே வாரத்துக்குள் இருவர் என்றால் ஸ்கேன் எதையும் பிரித்துச் சொல்லாது.

ரத்தம் எடுக்கும் குழாயும் முக்கியம். ரத்த அணுக்கள் உடையாமல் காக்கும் மருந்துள்ள தனிக் குழாய் வேண்டும். எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிரில் உறையவும் விடக் கூடாது. தாயின் வெள்ளணுக்கள் உடைந்தால் அவளுடைய டி.என்.ஏ கொட்டி, கருவின் பங்கு இன்னும் நீர்த்துப்போகும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கோடைக்காலமான பிப்ரவரியில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த ரத்தம், கூரியர்காரரின் சூடான கிடங்கில் திங்கள் வரை கிடக்கலாம். திங்கள், செவ்வாயில் எடுப்பது நல்லது. சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். கூரியரில் அனுப்ப அது ஆகாது.

ஆணின் கன்னத்து உட்புறத்தைத் தடவிய பஞ்சுக்குச்சியைக் காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு ஆண்களின் குச்சிகளை ஒரே மேசையில் உலர்த்தவே வேண்டாம்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 99.9 என்பது தந்தைமைக் குறியீடு 999 என்பதன் இன்னொரு முகம், அதாவது கிடைத்த டி.என்.ஏ பொருத்தம் இவர் தகப்பன் என்றால் வருவதற்கு, வேறொருவர் தகப்பன் என்றால் வருவதைவிட 999 மடங்கு வாய்ப்பு. சோதனைக்கு முன் வாய்ப்பு பாதிக்குப் பாதி, இன்னொரு ஆள் சொந்தமில்லாத அந்நியன் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. அந்த இன்னொருவர், சோதிக்கப்பட்ட ஆணின் தம்பியாகவோ அப்பாவாகவோ இருந்தால் கணக்கின் அடிப்படையே மாறும். இருவரையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஒரே கரு பிரிந்த இரட்டையரைச் சாதாரணச் சோதனை பிரிக்காது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலும் டோங்காட்டிலும் அத்தை மகன், தாய்மாமன் முறையில் கட்டியவர்கள் இருப்பார்கள். பெண்ணும் ஆணும் ரத்தச் சொந்தமானால் தாய்க்கில்லாமல் ஆணுக்கு மட்டுமுள்ள, சோதனைக்குப் பயன்படும் மரபணுக் குறிகள் குறைந்துபோகும். படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லாமல் போகலாம், நீங்களே எழுதிக் கொடுங்கள். இரட்டைக் கரு, பாதியில் கரைந்துபோன இரட்டை, உறுப்பு மாற்று, சமீபத்தில் ஏற்றிய ரத்தம் எதையும் மறைக்காதீர்கள்.

டவுன் நோய்க்குறிக்காகச் செய்யும் ரத்தச் சோதனை தகப்பனைச் சொல்லாது. ரத்த வகை சில சமயம் ஒருவரை விலக்க உதவுமே தவிர, யாரையும் நிரூபிக்காது.

"அங்கீகாரம் பெற்றது" என்ற முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய அமைப்பான சனாஸ் தரும் சான்றிதழோடு ஓர் அட்டவணை இருக்கும். எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்பது அதில்தான் இருக்கிறது. குழந்தை பிறந்தபின் செய்வதற்கு அங்கீகாரம் இருந்து, கருவில் செய்வதற்கு இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் வெளிநாட்டுக்குப் போகிறதென்றால், சோதிக்கும் லேபின் அட்டவணையைக் கேளுங்கள். எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டுடையது போதாது.

நஞ்சுக்கொடித் திசுவை ஊசியால் எடுப்பது (11 முதல் 13 வாரம்), பனிக்குடநீர் எடுப்பது (15 வாரத்துக்குப் பின்) இரண்டிலும் கருவின் டி.என்.ஏ தாராளமாகக் கிடைக்கும். ஆனால் தாயின் அணுக்கள் கலந்திருக்கிறதா என்று அவளுடைய மாதிரியோடு ஒப்பிட்டாக வேண்டும். கருக்கலையும் அபாயம் சிறிதாவது உண்டு. தகப்பனைத் தெரிந்துகொள்ள மட்டும் இதைச் செய்வது எங்களுக்கு உடன்பாடில்லை.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி 12 வாரம் வரை பெண் கேட்டாலே கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். அந்தக் கெடுவுக்குள் பதில் வேண்டுமென்று ஏழாம் வாரத்திலேயே ரத்தம் கொடுப்பவர்களுக்குத்தான் "முடிவில்லை" என்ற பதில் அதிகம் வரக்கூடும். பத்தாம் வாரத் தொடக்கத்தில் எடுத்தால், மறுபடி எடுக்கவும் கொஞ்சம் நாள் மிஞ்சும்.

ஆணின் டூத்பிரஷைத் தெரியாமல் எடுத்து அனுப்பாதீர்கள். டி.என்.ஏ பகுப்பாய்வைத் தனிப் பாதுகாப்புள்ள தகவலாகவே, தனிநபர் தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் வைத்திருக்கிறது. ஜீவனாம்ச வழக்குக்கும் அந்த ரிப்போர்ட் கை கொடுக்காது. அடையாள அட்டை, புகைப்படம், சாட்சி, முத்திரையிட்ட உறை இவற்றோடு எடுத்த மாதிரிதான் நிற்கும். ஒரு தரப்பு மாதிரி தர மறுத்தால், அது அவருடைய நம்பகத்தன்மையைப் பாதிக்கலாம் என்று 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி நீதிமன்றம் எச்சரிக்கும்.

பிறந்தபின் உறுதிப்படுத்தக் குழந்தையின் கன்னத்தில் தடவும்போது, பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தாய்ப்பாலில் தாயின் அணுக்கள் இருக்கும்.