பழைய மானிட்டரில் நிழல் ஒட்டிக்கொண்டால்

கேரள எல்லை ஓரத்துக் கம்பம் ஊரில் டிடிபி கடை வைத்திருந்தால் இரண்டு மாநிலத்து வேலையும் வரும். கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆட்களின் சம்பளப் பட்டியல், குமுளி மசாலாக் கடைகளுக்கு மலையாள ஸ்டிக்கர், உள்ளூர்க் காதுகுத்துப் பத்திரிகை எல்லாமே என் மேஜைக்கு வரும். கடையில் இருக்கிற மானிட்டர் அத்தனையும் ரீஃபர்பிஷ்டுதான். பெரிய ஊர்களில் ஐடி கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற 22, 24 இஞ்ச் சரக்கு. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல் (திரைப் பகுதி), நல்ல ஸ்டாண்டு, புதுசை விட ரொம்பக் குறைந்த விலை. அந்த விலையில் இதைவிட நல்ல திரை கிடைக்காது என்பது என் கட்சி.

ஆனால் இந்த மாதிரி மானிட்டரில் ஒரு தொந்தரவு உண்டு. பகல் முழுக்க எக்செலில் சம்பளப் பட்டியல் அடித்துவிட்டு, சாயங்காலம் கல்யாண ஆல்பத்துக்காக போட்டோஷாப்பைத் திறந்தால், அதன் சாம்பல் பின்னணியில் எக்செல் கட்டங்கள் கோடு கோடாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் மேல்வரிசையில் ‘பெயர்’, ‘நாள்’, ‘முன்பணம்’ என்ற தலைப்புகளைக்கூட வாசித்துவிடலாம். கோப்பை எப்போதோ மூடியாயிற்று, நிழல் மட்டும் போகவில்லை. ‘அக்கா, பேனல் போச்சு’ என்று பையன்கள் முடிவே கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் போயிருக்காது.

முதலில், அது பேனலில் ஒட்டிய நிழல்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். திரையில் ஒரு ஜன்னலை மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். எழுத்துக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு எழுத்து தெரிந்து, அது ஜன்னலோடு கூடவே நகர்ந்தால், குற்றம் கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு வருகிற பழைய வகை விஜிஏ கேபிளில். நீளமான மட்டமான கேபிளுக்கு அந்தக் குணம் உண்டு. கேபிளை மாற்றுங்கள், முடிந்தால் எச்டிஎம்ஐக்கோ டிஸ்ப்ளே போர்ட்டுக்கோ போய்விடுங்கள். ஜன்னல் நகர்ந்தும் நிழல் இருந்த இடத்திலேயே நின்றால்தான் நம் விஷயம். சந்தேகம் தீரவில்லையா? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் நிழல் இல்லையென்றால் கம்ப்யூட்டர் நிரபராதி. விண்டோஸை அழித்துப் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம். வெள்ளைப் புள்ளியாகவோ திட்டாகவோ எந்தப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது வேறு கேஸ். அது லாரியில் வரும்போது அழுத்தம் பட்டதாக இருக்கும், இந்த வைத்தியத்துக்குக் கேட்காது.

நிழலைச் சரியாகப் பார்க்க வெள்ளைத் திரையும் உதவாது, கறுப்புத் திரையும் உதவாது. நடுச் சாம்பல் வேண்டும். பெயிண்டில் நிறத்தைத் திருத்தும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 128 என்று கொடுத்து, முழுப்பக்கத்தையும் நிரப்பி, படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பென்டிரைவில் அது எப்போதும் இருக்கும். அதைத் திரை முழுக்கத் திறந்து, கடை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், சாதாரண வேலையில் கண்ணுக்குப் படாத நிழல்கூட எழுந்து வரும்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வைத்தியம் தானே விளங்கும். நம் மானிட்டர் மாதிரியான எல்சிடி திரையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் திரவப் படிகம் மெல்லிய படலமாக இருக்கிறது. மின்னழுத்தம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் திரும்பும். அவை எவ்வளவு திரும்புகின்றனவோ அதற்கேற்ப, பின்னாலிருக்கிற வெளிச்சம் கூடியோ குறைந்தோ வெளியே வரும். மின்னழுத்தத்தை ஒரே திசையில் கொடுத்துக்கொண்டிருந்தால் படிகத்தில் கலந்திருக்கிற அயனிகள் (மின்னேற்றம் உள்ள நுண்துகள்கள்) ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் மானிட்டர் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் படத்தைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும், பிளஸ், மைனஸை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 தடவை. ஆனால் இந்த இரண்டும் அச்சு அசலாகச் சமமாக இருப்பதில்லை. ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, படம் போன பிறகும் கொஞ்சம் மின்னேற்றம் அங்கேயே தங்கிவிடுகிறது. பாயில் ஒருக்களித்துப் படுத்து எழுந்தால் கன்னத்தில் கோரைத்தடம் இருக்குமே, அந்த மாதிரி. தோலுக்குக் காயம் இல்லை, கொஞ்ச நேரத்தில் தடம் மறைந்துவிடும்.

பழைய டப்பா மானிட்டரிலும் ஓஎல்இடி திரையிலும் நடப்பது வேறு. டப்பா மானிட்டரில் ஒளிர்கிற பாஸ்பர் பூச்சே தேயும், ஓஎல்இடியில் ஒளி தருகிற பொருளே தேயும். தேய்ந்தது தேய்ந்ததுதான். அந்தக் காலத்துப் பயத்தை எல்சிடிக்கும் கொண்டுவந்து, ‘எரிஞ்சு போச்சு, பேனல் மாத்தணும்’ என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பேனல் மாற்றுகிற காசுக்கு இன்னொரு ரீஃபர்பிஷ்டு மானிட்டரே வாங்கிவிடலாம்.

சரி, வைத்தியம். முதல் மருந்து ஓய்வு. மானிட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சில கம்பெனிகளின் கையேட்டிலேயே ஒரு கணக்குச் சொல்லியிருப்பார்கள்: அந்தப் படம் எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரம் அணைத்து வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்ற படத்துக்கு ஒரு மணி நேரம். நாள் முழுக்க நின்றதற்கு ராத்திரி முழுக்க. கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருந்தாலே பாதி நிழல் மறுநாள் காலையில் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று எங்கள் தெருவில் எல்லோரும் திட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் திட்டுவேன், மானிட்டருக்கு மட்டும் அன்று நல்ல நாள்.

ஓய்வில் போகவில்லை என்றால் வெள்ளைத் திரை. வெறும் வெள்ளைப் படத்தைத் திரை முழுக்க வைத்து, சில மணி நேரம் ஓட விடுங்கள். அல்லது நிறங்கள் மெதுவாக மாறிக்கொண்டே இருக்கிற வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விடலாம். எந்த இடத்திலும் எதுவும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். டெல் மானிட்டர் என்றால் இன்னும் சுலபம். பல மாடல்களில் மானிட்டரின் சொந்த மெனுவிலேயே ‘எல்சிடி கண்டிஷனிங்’ என்று ஒன்று இருக்கும். கழித்துவிடப்பட்ட ஆபீஸ் சரக்கில் டெல் நிறைய வருவதால் உங்களுடையதிலும் இருக்க வாய்ப்பு உண்டு. மானிட்டர் ஓரத்தில் இருக்கிற பட்டனை அழுத்தி மெனுவைத் தேடிப் பாருங்கள், மாடலுக்கு மாடல் இடம் மாறும். அதை ஓடவிட்டால் திரை நிறம் நிறமாக மாறிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் முடியாது, ராத்திரி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். லேசான நிழலுக்குத்தான் இது என்று கம்பெனியே சொல்கிறது.

செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் படபடவென்று வேகமாக மின்னுகிற வீடியோக்களை இதற்கு மருந்து என்று பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன பிளஸ், மைனஸ் கணக்கை யோசியுங்கள். ஒரு பிரேம் கறுப்பு, அடுத்த பிரேம் வெள்ளை என்று அதே தாளத்தில் படமும் மாறினால், வெள்ளை எப்போதும் பிளஸிலும் கறுப்பு எப்போதும் மைனஸிலும் விழ வாய்ப்பு இருக்கிறது. சமன் செய்ய வேண்டிய இடத்தில் சாய்வு இன்னும் கூடும். நிழலைப் போக்கப் போய் நிழலை வளர்த்த கதை. வலிப்பு நோய் உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் அது வேறு ஆபத்து. மெதுவாக மாறுவதுதான் நல்லது. அப்புறம், விரலால் தேய்ப்பது, துணி சுற்றி அழுத்துவது எல்லாம் கூடவே கூடாது. இருக்கிற நிழலோடு புதுத் திட்டும் சேரும்.

போன நிழல் திரும்ப வராமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், ஐந்து பத்து நிமிஷம் சும்மா இருந்தால் திரை அணையும்படி வையுங்கள். அழகான ஸ்கிரீன்சேவர் எல்லாம் தேவையில்லை, அணைவதே நல்ல ஸ்கிரீன்சேவர். கீழே இருக்கிற டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி மாற்றிவிடுங்கள். நாள் முழுக்க நகராமல் நிற்கிற முதல் ஆள் அதுதான். எக்செலில் வேலை செய்கிறவர்கள் வியூ மெனுவில் கிரிட்லைனை எடுத்துவிடலாம். கோடு இல்லாமல் கை ஓடாது என்றால், மதியத்துக்கு மேல் ஜூமை 100லிருந்து 90க்கு மாற்றுங்கள். கட்டங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். சின்ன வேலைதான், ஆனால் என் கடையில் இதற்குத்தான் பலன் அதிகம். போடியிலும் புத்தடியிலும் நடக்கிற ஏலக்காய் ஏலத்தைப் பார்ப்பதற்காக ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து திறந்து வைத்திருக்கிற வியாபாரிகளும் அந்த ஜன்னலை அவ்வப்போது இடவலமாக நகர்த்தினால் போதும்.

வெளிச்ச அளவை 100ல் வைத்திருக்கிறவர்கள் குறையுங்கள். சூடு ஏற ஏற அயனிகளின் ஓட்டமும் கூடும். பெரும்பாலான மானிட்டர்களின் கையேட்டில் அறை வெப்பம் 40 டிகிரி வரைதான் என்று எழுதியிருக்கும். சித்திரையில் ஓட்டுக்கூரைக் கடைக்குள் மதியம் அது சர்வசாதாரணம். மானிட்டரின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடம் விட்டால் காற்றுப் போகும். மேலே இருக்கிற ஓட்டைகளை மூடித் துணி போடுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வாங்கும்போதே பார்த்து வாங்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: எக்செலைத் திறந்து, கட்டங்களைப் பெரிதாக்கி, சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு நிரப்புங்கள். அப்படியே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். கால் மணி நேரம் கழித்து அந்தச் சாம்பல் படத்தைத் திறங்கள். பலகை லேசாகத் தெரிந்து ஓரிரு நிமிஷத்தில் கரைந்தால் தாராளமாக வாங்கலாம். பல நல்ல பேனல்களிலும் அந்த அளவு இருக்கும். பத்து நிமிஷம் ஆகியும் கட்டம் கட்டமாக நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அல்லது விலையை இறக்கச் சொல்லுங்கள். திறந்தவுடனேயே, நீங்கள் எதுவும் வைக்காமலேயே, யாரோ ஒருவருடைய டாஸ்க்பார் கீழே தெரிகிறதா? அது நாள்பட்ட நிழல், போவது சந்தேகம். வாரண்டி இருந்தால், சாம்பல் படத்தில் நிழல் தெரிகிற மாதிரி போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். நேரில் கொண்டுபோகிற நேரத்துக்குள் நிழல் கரைந்து, நம் பேச்சு எடுபடாமல் போய்விடும்.

ஒரு வாரம் ராத்திரி ஓய்வு, வெள்ளைத் திரை எல்லாம் கொடுத்தும் அசையாத நிழலும் உண்டு. சிசிடிவிக்கு ஓடிய மானிட்டர்களில் திரையை நாலாகப் பிரிக்கிற சிலுவைக்கோடு அப்படித்தான் நிற்கும். போட்டோ வேலைக்கு அதை வைக்கவே வைக்காதீர்கள், முகத்தின் நிறம் ஏமாற்றும். அதற்காகத் தூக்கியும் போட வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் பில் மட்டும் அடிக்கிற இடத்தில் அந்த நிழல் யார் கண்ணுக்கும் படாது. சிலுவைக்கோடு இருக்கிறது என்று முன்னாடியே சொல்லி, சாம்பல் படத்தையும் போட்டுக் காட்டித்தான் குமுளியில் ஒரு மசாலாக் கடைக்குக் கொடுத்தேன். ‘பில் தெரிஞ்சால் மதி சேச்சி’ (பில் தெரிந்தால் போதும் அக்கா) என்று வாங்கிக்கொண்டார்.