மேக்காத்துன்னா நீலாம்பூர், கெழக்காத்துன்னா சிங்காநல்லூர்: வண்டியில போய் ப்ளேன் பாக்கற வித்தை

வண்டிப் பைத்தியமும் ப்ளேன் பைத்தியமும் ஒரே ஆளுக்குப் புடிச்சா என்ன ஆகும்னா, ஞாயித்துக்கெழம வெடியால அஞ்சு மணிக்கு ஊரே தூங்கறப்ப இவன் மட்டும் செயினுக்கு ஆயில் விட்டுட்டு இருப்பான், வீட்டுல "எங்கடா கெளம்பிட்ட"ன்னு கேட்டா "சும்மா டீ குடிக்க"ம்பான். பல்லடத்துல இருந்து கோயமுத்தூருக்கு டீ குடிக்கப் போற ஆளு நானுங்க. எங்க நிக்கறது, எப்பப் போறது, எதைத் தொடக்கூடாதுன்னு நாலஞ்சு பசங்க தொடர்ந்து கேட்டுட்டே இருக்காங்க, அதனால எனக்குத் தெரிஞ்சத ஒரே மூச்சுல எழுதிடறேன்.

மொதல்ல காத்து. கேமரா, லென்ஸ், போன் ஆப் எல்லாம் அப்பறம். ப்ளேன் பெரும்பாலும் காத்துக்கு எதிர்த்துதான் எறங்கும், எதிர்த்துதான் ஏறும், ஏன்னா எதிர்காத்து இருந்தா தரையில ஓட வேண்டிய வேகம் கொறையும், தூரமும் கொறையும். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல ஒரே ஒரு ஓடுபாதைதான், ஒரு முனைக்கு 05ன்னு பேரு, இன்னொரு முனைக்கு 23. அந்த நம்பரோட ஒரு சைபர் சேத்துக்கங்க, 50 டிகிரி, 230 டிகிரி, அதாவது ஒரு பக்கம் வடகெழக்க மூஞ்சி, இன்னொரு பக்கம் தென்மேக்க மூஞ்சி. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்காத்து பிச்சுட்டு வருதில்லைங்களா, அப்ப ப்ளேன் எல்லாம் 23ல எறங்கும், அதாவது நீலாம்பூர் பக்கத்துல இருந்து உள்ள வரும். ஐப்பசிக்கு மேல காத்து திரும்பி வாடை வீச ஆரம்பிச்சா 05, அப்ப ஹோப் காலேஜுக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவால ஊருக்கு மேலயே எறங்கிட்டு வரும். இது தெரியாம போனா ஆடி மாசத்துல சிங்காநல்லூர்ல நின்னுட்டு எல்லா ப்ளேனோட பின்பக்கத்தையும் பாத்துட்டு வரணும், நான் மொத ரெண்டு மாசம் அப்படித்தான் பாத்தேன்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு, மத்த ஊர்ல கெடைக்காது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி சுத்துவட்டாரம் பூரா கரண்டு எடுக்கற காத்தாடி நிக்குதுல்ல, பெரிய காத்தாடி தானா காத்து வர்ற பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கும். அதனால வீட்ட விட்டுக் கெளம்பறப்பவே தல நிமிந்து ஒரு பார்வ பாருங்க, காத்தாடி மேக்க பாத்து நின்னா நீலாம்பூர், கெழக்க பாத்து நின்னா சிங்காநல்லூர். அம்பது கிலோமீட்டர் தள்ளி நிக்கற காத்தாடி எப்பவும் சரியாச் சொல்லாது, காத்தே இல்லாத நாள்ல ஏர்போர்ட்டுக்காரங்க எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் எறக்குவாங்க, ஆனா பத்துக்கு எட்டு தடவ எனக்கு ஏமாந்ததில்ல.

எங்க நிக்கறதுங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. எறங்கற ப்ளேன் சுமார் 3 டிகிரி சரிவுல வரும், அதாவது எறங்கற எடத்துல இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளுனா 52 மீட்டர் ஒசரம், ரெண்டு கிலோமீட்டர்னா 100 மீட்டர் சொச்சம், மூணுன்னா 150 மீட்டருக்கு மேல. நீலாம்பூர் ஏறக்குறைய அந்த மூணு கிலோமீட்டர்லதான் இருக்கு, அங்க ஒரு பேக்கரி வாசல்ல டீயோட நின்னாக்கூட சக்கரம் எறங்கி இருக்கறது கண்ணுக்கே தெரியும். ஏர்போர்ட் காம்பவுண்டு சுவத்துல தொத்த வேண்டிய தேவையே இல்ல, தொத்துனா செக்யூரிட்டி வந்து பேரு ஊரு கேப்பாங்க, நியாயமாத்தான் கேப்பாங்க. ரோட்டுல நிக்காம ஒரு இட்டேரியில உள்ள தள்ளி, தோட்டத்துக்காரரு கிட்ட "ஏனுங்ணா, சித்த நேரம் இங்க நின்னுக்கட்டுங்களா"ன்னு கேட்டுட்டு நில்லுங்க, கேட்டா யாரும் வேண்டாங்கறதில்ல. அவிநாசி ரோட்டு மேம்பாலம் உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டர் இருக்கு, அது மேல ஓரங்கட்டி போட்டோ எடுக்கலாம்னு ஒரு நெனப்பு வரும். வேண்டாம், பின்னாடி வர்றவன் எண்பதுல வருவான்.

பல்லடம் பக்கம் இருந்து வந்தா காரணம்பேட்டை, சூலூர், சிந்தாமணிப்புதூர், அங்க பைபாஸ் புடிச்சு வடக்க போனா நேரா நீலாம்பூர். பைபாஸ்ல லாரி ஜாஸ்தி, பொறும முக்கியம்.

சூலூர்ல விமானப்படைத் தளம் இருக்கு, அந்தப் பேரச் சொன்னதும் எல்லாப் பசங்களும் கேக்கறது தேஜஸ் போர் விமானத்தப் பாக்கலாமாங்ணான்னுதான். பாக்கலாம், வானத்துல போனா யாரும் கண்ணப் பொத்தச் சொல்ல மாட்டாங்க. 2018ல தேஜஸோட மொத ஸ்குவாட்ரன், அதாவது 45ம் நம்பர் படைப்பிரிவு, அங்க வந்துச்சு, 2020 மே மாசம் ரெண்டாவதா 18ம் ஸ்குவாட்ரன் வந்துச்சு, சாரங் ஹெலிகாப்டர் டீமுக்கும் அதுதான் வீடு, 2024 ஆகஸ்ட்ல தரங் சக்திங்கற பல நாட்டு விமானப்படைப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின்னு வெளிநாட்டு ப்ளேன் எல்லாம் வந்து எறங்குன எடம். ஆனா அது ராணுவத் தளம், சுத்துச்சுவர் பக்கம் வண்டிய நிறுத்தி போன எடுத்தாலே தப்பு, 1923ம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் இன்னிக்கும் உயிரோடதான் இருக்கு. கூட வந்த பையன் ஒருத்தன் ஒரு வேலி ஓரமா செல்ஃபி எடுத்தான், மூணு மணி நேரம் உக்காரவச்சு போன்ல இருக்கற பூரா படத்தையும் பாத்துட்டுத்தான் விட்டாங்க, அவன் தங்கச்சி சீர் போட்டோ உட்பட. ஓடிட்டே பாருங்க, நிக்காதீங்க, அவ்வளவுதான்.

சூலூர் தாண்டறப்ப ஒண்ணு ஞாபகம் வரும் எனக்கு. அந்தத் தளத்துக்குப் பக்கத்து ஊரு கலங்கல், ஜி.டி. நாயுடு 1893ல பொறந்த ஊரு. ஒரு வெள்ளக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளப் பாத்து மண்டையில ஏறி, கோயமுத்தூர்ல ஓட்டல்ல வேல செஞ்சு காசு சேத்து அதே வண்டிய வாங்கி, பிரிச்சுப் போட்டு மறுபடி மாட்டுன ஆளு. இன்னிக்கு அதே ஊருக்கு மேல தேஜஸ் பறக்குது, நமக்குப் புடிச்ச ரெண்டு கிறுக்குக்கும் ஒரே ஊருதான் மண்ணு போல.

இனி சாமான். வெறும் கண்ணுக்கு அடுத்தபடியா 8x42 பைனாகுலர் போதும், 10x50 கனம், கழுத்துல மாட்டி பள்ளத்துல எறங்குனா நெஞ்சுல குத்தும். போன் கேமராவுல படம் எடுக்கறவங்க கவனிங்க: ஹேண்டில்பார்ல போன மாட்டி ஓட்டாதீங்க, முக்கியமா பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டியில. லென்ஸ ஆடாமப் புடிக்கற அந்தக் குட்டி மெக்கானிசம் இஞ்சின் அதிர்வுல கெட்டுப் போகும்னு ஆப்பிளே 2021ல எச்சரிக்கை போட்டுச்சு. என் போன் அப்படித்தான் போச்சு, ப்ளேனப் புடிச்சா படம் பூரா ஜெல்லி மாதிரி ஆடுச்சு. பாக்கெட்லயோ பேக்லயோ ஸ்பாஞ்சு சுத்தி வச்சுக்கங்க. வெளிச்சத்துக்கு வெடியால ஓடுபாதைக்குத் தெக்க நின்னா வெயில் முதுகுப் பக்கம் விழும், ஒம்பது மணிக்கு மேல தார்ரோட்டுச் சூடு ஏறிப் படம் எல்லாம் அலை அலையா வரும், அப்ப கேமராவ மூடி வச்சுட்டு தேங்கா பன் சாப்பிடறதுதான் சரி. ஏடிஆர் மாதிரி பங்கா வச்ச ப்ளேன்னா ஷட்டர் வேகத்த 1/200 பக்கம் கொறைங்க, இல்லைன்னா பங்கா நின்னு போன மாதிரி இருக்கும். ஜெட்டுக்கு 1/1000க்கு மேல வைக்கலாம்.

எது எதுன்னு கண்டுபுடிக்கறது ஈஸி. இறக்க முதுகு மேல உக்காந்து, வால் டீ எழுத்து மாதிரி இருந்து, ஆறு எலைப் பங்கா சுத்துனா ஏடிஆர். இஞ்சினோட வாய் அடியில அமுங்குன மாதிரி இருந்து, வால் ஆரம்பிக்கற எடத்துல ஒரு மடிப்பு இருந்தா போயிங் 737, இஞ்சின் வாய் முழு வட்டமா இருந்தா ஏர்பஸ் 320 குடும்பம். எந்த ப்ளேன் எப்ப வருதுன்னு ப்ளைட் ராடார் ஆப்புல பாத்துக்கலாம், போர் விமானம் பெரும்பாலும் அதுல தெரியாது. ரேடியோ ஸ்கேனர் வாங்கி டவர் பேச்சக் கேக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, லைசென்ஸ் இல்லாம அதெல்லாம் வேண்டாத வம்பு.

மேக்காத்து நாள்ல நீலாம்பூர்ல நின்னா ஒரு வேடிக்கை கெடைக்கும். காத்து நேர் மேக்க, 270ல இருந்து வருதுன்னு வைங்க, ஓடுபாதை 230, நாப்பது டிகிரி வித்தியாசம். அதனால பைலட் மூக்க காத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பி வச்சு நண்டு மாதிரி ஒருக்களிச்சு வருவாரு, தரை தொடற நேரத்துல காலால ரட்டர, அதாவது வால்ல இருக்கற சுக்கான, மிதிச்சு நேராக்குவாரு. உடுமலை ரோட்டுல தெக்க ஓட்டிட்டுப் போறப்ப வலப்பக்கம் இருந்து காத்து தள்ளுச்சுன்னா நீங்களும் வண்டிய வலப்பக்கம் சாச்சுட்டே நேரா போறீங்கல்ல, கிட்டத்தட்ட அதே கததான். அப்ப ஹேண்டில இறுக்கிப் புடிக்காதீங்க, முட்டியால டேங்க்க புடிச்சுட்டு கை லூசா இருக்கட்டும், எதிர்க்க லாரி வந்தா காத்து ஒரு நொடி நின்னு மறுபடி அடிக்கும், அதுக்குத் தயாரா இருங்க.

இதை நான் படிச்சது ஒரு தெர்மாக்கோல் இறக்கைகிட்ட. ஆர்சி ப்ளேன், அதாவது ரிமோட்ல பறக்கற குட்டி ப்ளேன், செஞ்ச புதுசுல, நாலடி இறக்கைய வண்டிக்குப் பின்னாடி குறுக்க வச்சுக் கட்டி கேத்தனூர் பக்கம் போனேன், ஆடி மாசம். காத்து ஒரு தூக்குத் தூக்குச்சு பாருங்க, பின்சக்கரம் லேசாயி வண்டி ஓரத்துக்குப் போயிருச்சு, கயிறு அந்து இறக்க மட்டும் தனியாப் பறந்து சோளக்காட்டுக்குள்ள போயி விழுந்துச்சு. காட்டுல இருந்து ஒரு ஆத்தா அதத் தூக்கிட்டு வந்து, "ஏஞ்சாமி, கல்யாண மண்டபத்து வேலைங்களா?"ன்னு கேட்டாங்க. அதுல இருந்து இறக்கைய எப்பவும் நீளவாக்குலதான் கட்டறது, பையில போட்டு முதுகோட.

ஆர்சி பறக்க விடறவங்களுக்கு எடம் முக்கியம். 2021 ட்ரோன் விதிப்படி ஏர்போர்ட் சுத்துச்சுவர்ல இருந்து 5 கிலோமீட்டருக்கு உள்ள செவப்பு மண்டலம், விளையாட்டு ப்ளேனும் கூடாது. பச்ச மண்டலத்துல 400 அடி வரைக்கும் ஓகே, ஆனா ஏர்போர்ட் சுத்துச்சுவர்ல இருந்து 8லருந்து 12 கிலோமீட்டருக்குள்ளன்னா 200 அடிதான். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல உங்க எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போங்க, நமக்கு ஏர்போர்ட்டும் சூலூரும் ரெண்டும் பக்கம் பக்கம். நாங்க பொங்கலூருக்கு அக்கட்டால அறுப்பு முடிஞ்ச மேட்டாங்காட்டுலதான், கரண்டு கம்பி இல்லாத பக்கமா.

பறக்க விடறதுக்கு முன்னாடி வெயிட்டு சென்டர பாருங்க, இறக்கையோட முன் ஓரத்துல இருந்து அகலத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள ரெண்டு வெரல்ல தாங்குனா ப்ளேன் சமமா நிக்கணும். வால் தொங்குனா பறக்கவே விடாதீங்க. அப்பறம் ஸ்டிக்க வலப்பக்கம் தள்ளுனா வலது இறக்கை மடல் மேல ஏறணும், எடது எறங்கணும். இது தலகீழா இருந்து மொத பத்து செகண்டுல மண்ணுக்குப் போன ப்ளேன் எத்தனையோ. காத்துக்கு எதிர்த்து வீசி விடுங்க. ப்ளேன் உங்களப் பாத்து திரும்பி வர்றப்ப வலது எடது கொழம்பும், அப்ப எந்த இறக்க தாழுதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கத் தள்ளுங்க, முட்டுக் கொடுக்கற மாதிரி நெனச்சுக்கங்க, தப்பிச்சுக்குவீங்க. லிப்போ பேட்டரிய டேங்க் பேக்ல வச்சு வெயில்ல நிறுத்திட்டுப் போகாதீங்க, வீட்டுல வைக்கறப்ப செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க.

நெசமா ஓட்டணும்னு ஆசப்படறவங்க மொதல்ல வண்டிய விக்காதீங்க. க்ளாஸ் 2 மெடிக்கல் எடுங்க, கண்ணு, நெறக்குருடு எல்லாம் அதுலயே தெரிஞ்சுரும், அதுக்கப்பறம் காசப் பத்தி யோசிக்கலாம். ஸ்டூடண்ட் லைசென்ஸுக்கு 16 வயசு, ப்ரைவேட் பைலட்டுக்கு 17 வயசும் 40 மணி நேரமும், கமர்ஷியலுக்கு 18 வயசு, 200 மணி நேரம், ப்ளஸ் டூவுல பிசிக்ஸ் மேத்ஸ். வண்டி ஓட்டறவனுக்கு ஒண்ணு சீக்கிரம் வந்துரும், ஒண்ணு வராது. சாஞ்சு திரும்பறது நமக்குப் பழக்கம், கார்க்காரன் மாதிரி ஒடம்பு பக்கவாட்டுல போகாது, சீட்டுலதான் அமுங்கும், ப்ளேன்லயும் அதேதான். வராதது என்னன்னா, தரையில ஓடறப்ப கையால திருப்பற புத்தி. ப்ளேன தரையில காலாலதான் திருப்பணும், கை தானா போயிட்டே இருக்கும். இஞ்சின் நமக்குப் புடிபடும். பயிற்சிக்கு ஓட்டற குட்டி ப்ளேன் செஸ்னா 172, அதோட பழைய மாடல்ல நெறையா வந்த லைக்கமிங் இஞ்சின் நாலு சிலிண்டர், 5.2 லிட்டர், புல்லட் மாதிரியே காத்துல கூலாகறது, கார்புரேட்டர் வச்சது. ஊட்டி ஏறுனா ஆர்எக்ஸ் 100 பெட்ரோல் ஜாஸ்தியாகி மூச்சு தெணறுமே, அதே சங்கதிக்குத்தான் பைலட் மேல ஏற ஏற மிக்ஸ்சர் லீவரப் பின்னால இழுக்கறாரு.

பைலட்டுங்ககிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்ட ஒரு பழக்கம், கெளம்பறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து சுத்தி வர்றது. டயர், செயின், ப்ரேக், லைட்டு, ஆயில். செஸ்னாவுல ஒரு கண்ணாடிக் கப்புல பெட்ரோல் கொஞ்சம் வடிச்சு அடியில தண்ணி நிக்குதான்னு பாப்பாங்க. கார்புரேட்டர் வண்டி வச்சிருக்கறவங்க மழக்காலத்துல இதையே செய்யுங்க, கார்புரேட்டர் அடி ஸ்க்ரூவ லூஸ் பண்ணி ஒரு கண்ணாடி க்ளாஸ்ல புடிச்சுப் பாருங்க. ஒரு பங்க்ல அடிச்ச பெட்ரோல்ல தண்ணி இருந்து காரணம்பேட்டைல வண்டி நின்னுச்சு எனக்கு, க்ளாஸ்ல பாத்தா அடியில முத்து முத்தா உருண்டுட்டு இருந்துச்சு, தல மேல ஒரு ஏடிஆர் சக்கரத்த எறக்கிட்டுப் போகுது, நான் கீழ ஸ்க்ரூடிரைவரோட உக்காந்திருக்கேன்.