மீன்பிடி தடைக்காலத்துக்கும் சேத்து வீட்டு பட்ஜெட் போடுறது எப்படி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுல பங்குக்குப் போற வீடுகளுக்கு மாச பட்ஜெட் சரிப்பட்டு வராது, ஏன்னா மீன வித்து டீசல், ஐஸ் செலவு கழிச்சு பங்கு பிரிச்சாத்தான் கையில காசு. அதனால வாரக் கணக்கா போடுங்க.

மொதல்ல ஒரு நோட்டுல கட்டாயச் செலவ மட்டும் எழுதுங்க. மளிகை, பால், கேஸ், கரண்ட், குழு லோன் தவணை, அப்புறம் குடத்துக்குக் காசு குடுத்து வாங்குற தண்ணி (இத நெறய பேரு எழுதாம விட்டுருவாங்க, கூட்டிப் பாத்தாத்தான் தெரியும்).

அது மாசம் 12,000னு வைங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் 61 நாள், அதுக்கு 24,000 வேணும், மிச்ச பத்து மாசத்துக்குப் பிரிச்சா வாரம் 600 கிட்ட வருது. பங்கு வந்த அன்னைக்கே, கடை பாக்கி குடுக்குறதுக்கு முன்னாடியே, அத போஸ்ட் ஆபீஸ் கணக்குல போட்டுருங்க, வீட்டு டப்பால வச்சா தங்காது. நல்ல பாடு (மீன்) கெடைச்ச வாரம் 1,500 கூட போடுங்க, ஐப்பசி கார்த்திகைல புயல் கூண்டு ஏத்திட்டா ஒரு ரூபா போட முடியாது.

தடைக்கால நிவாரணத்த இதுல சேக்கவே சேக்காதீங்க, அது ஜூன்ல பள்ளிக்கூடச் செலவுக்கு.

ஞாயித்துக்கெழம வீட்டுக்காரரையும் உக்கார வச்சு நோட்ட பாருங்க, ஒருத்தர் மட்டும் கணக்கு வச்சா சீக்கிரமே நின்னு போகும்.