சால்மன் கூண்டில் செத்த மீன் கணக்கு: புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு

நோர்வேயில் கடல் சால்மன் பண்ணை ஒன்றில் சேர்ந்தால் முதல் வாரமே கையில் விழும் வேலை செத்த மீன் எடுப்பது. அங்கே அதை "டோட்ஃபிஸ்க்" என்பார்கள். நாற்றம் பிடித்த வேலை என்பதால் புது ஆளின் தலையில் கட்டிவிடுவது வழக்கம். ஆனால் பண்ணையிலேயே பொறுப்பு மிகுந்த வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரு கூண்டில் சட்டப்படி 2 லட்சம் மீன் வரை விடலாம். அத்தனையையும் பிடித்துப் பார்க்க யாராலும் முடியாது. அடியில் வந்து விழும் மீன்தான் உள்ளே நடப்பதைச் சொல்லும். நோர்வே கால்நடை மருத்துவ நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் அந்நாட்டுக் கடல் கூண்டுகளில் 6.28 கோடி சால்மன் செத்தன, அதாவது 16.7 சதவீதம். 2024-ல் 5.78 கோடி, 15.4 சதவீதம்.

மேலிருந்து ஒரு பார்வை

செத்த மீனை மேலே ஏற்றும் குழாயைத் தொடும் முன் ஐந்து நிமிடம் கூண்டோரம் நின்று பாருங்கள். மீன் கூட்டமாகச் சுற்றுகிறதா, தீவனத்துக்கு மேலே வருகிறதா, வலையோரம் தனியாகத் தொங்கும் மீன் எத்தனை? கறுத்து மெலிந்து மேற்பரப்பில் தள்ளாடும் மீனைக் கைவலையில் எடுத்து, கொன்று, தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் குறியுங்கள். ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். தண்ணீரின் நிறமும் முக்கியம். 2019-ல் வட நோர்வேயில் பாசிப் பெருக்கத்தால் சில வாரங்களில் லட்சக்கணக்கான மீன் செத்தது. 2023 இலையுதிர்காலத்தில் கயிறு கயிறாக மிதந்து வந்த ஜெல்லி மீன் பல பண்ணைகளில் சால்மனின் தோலையும் செவுளையும் சுட்டுப் பொசுக்கியது.

மேலே ஏற்றுவது

வலையின் அடிப்பகுதி கூம்பாக இறங்கும். கூம்பின் முனையில் ஒரு சேகரிப்புக் கிண்ணமும் அதிலிருந்து மேலே வரும் தடித்த குழாயும் இருக்கும். கம்ப்ரசர் காற்றைக் குழாயின் அடியில் செலுத்த, மேலேறும் குமிழிகள் தண்ணீரையும் செத்த மீனையும் இழுத்துக்கொண்டு வரும். மீன் வருவது நின்ற பிறகும் சில நிமிடம் ஓடவிடுங்கள். கடைசியில் வருவது பெரும்பாலும் அழுகிய மீன், அதை விட்டால் நாளைய கணக்கு கெடும்.

இங்கேதான் புது ஆள் ஏமாறுவார். தினமும் முப்பது, நாற்பது வந்த கூண்டில் இன்று ஒன்றுமே வரவில்லை என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நீரோட்டம் வலையைச் சாய்த்துவிட்டால் கிண்ணம் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்காது. மீன் வலை மடிப்பில் கிடக்கும். குழாய் மடங்கியிருக்கலாம், காற்று கசியலாம். கேமராவை இறக்கி அடியைப் பாருங்கள், ஓட்டம் தணிந்ததும் மறுபடி ஏற்றுங்கள். வானிலை அனுமதித்தால் தினமும் எடுப்பது கட்டாயம்.

நல்ல கூண்டில் தொடங்கி நோயுள்ள கூண்டில் முடியுங்கள். கைவலை, தொட்டி, கையுறை எதையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த கூண்டுக்குக் கொண்டு போகாதீர்கள். சால்மனின் உடலில் ஒட்டி வாழும் கடல் பேனைத் தின்ன விட்ட துப்புரவு மீன்களும் செத்து வரும். அவற்றுக்குக் கணக்கேட்டில் தனிப் பத்தி.

புதுசா, பழசா

எண்ணும் முன் இரண்டாகப் பிரியுங்கள். செவுள் சிவந்து, கண் தெளிந்து, உடல் விறைத்திருந்தால் புதிது. செவுள் வெளுத்து, கண் குழிந்து, தொட்டால் தசை குழைந்தால் பழையது. இரண்டும் எண்ணிக்கையில் சேரும், ஆனால் காரணம் எழுதப் புதிய மீன் மட்டுமே உதவும். அழுகிய மீனைப் பார்த்து ஊகித்துக் காரணம் எழுதுவதைவிட "தெரியவில்லை" என்று எழுதுவது மேல். "தெரியவில்லை" மட்டும் ஒரு வாரத்துக் கணக்கில் பாதிக்கு மேல் போனால் மீன் எடுக்கும் நேரத்தில் கோளாறு என்று பொருள்.

வெளியே பார்க்க வேண்டியவை: விலாப்புறப் புண் (தண்ணீர் 8 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்காலப் புண் எனப்படும் பாக்டீரியா நோய் பெருகும்), வாய் அரிப்பு, தலையில் பேன் கடித்த காயம், செதில் உதிர்வு, சீல் கடி, வளராமல் நின்ற குட்டை மீன். பேன் நீக்கும் வேலை நடந்திருந்தால் அடுத்த இரண்டு வாரச் சாவுகளை அதற்குரிய பத்தியில் தனியாக எழுதுங்கள். மீனை 28 முதல் 34 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் விடும் முறையில் நோயுள்ள செவுளும் இதயமும் தாங்காது. சிகிச்சைக்குப் பிறகு கொத்தாகச் செத்தால் முன்பே இருந்த நோய்தான் பெரும்பாலும் உண்மைக் காரணம். அதனால்தான் சிகிச்சைக்கு முன்னரே சில மீனை அறுத்துப் பார்க்க வேண்டும்.

கூண்டுக்கு ஐந்தாறு புதிய மீனை அறுங்கள். மலத்துளையிலிருந்து செவுள் வரை வயிற்றை நீளமாகக் கிழித்து, பக்கச் சுவரை மேலே மடக்குங்கள். பெரிய, கொழுத்த, வெளியே ஒரு கீறலும் இல்லாத மீன் என்று வைத்துக்கொள்வோம். இதயத்தைச் சுற்றிய உறையைத் திறந்தால் ஜெல்லிபோல உறைந்த கருஞ்சிவப்பு இரத்தம் நிரம்பிக் கிடக்கிறது, ஈரல்மேல் மெல்லிய வெண்படலம். சி.எம்.எஸ். எனப்படும் இதயத்தசை நோயின் அடையாளம் அது. இதயத்தின் சுவர் கிழிந்து மீன் ஒரே நொடியில் செத்திருக்கிறது. பி.டி. எனப்படும் கணைய நோயில் குடல் காலி, மஞ்சள் சளி மட்டும் இருக்கும். இரைப்பைக்குப் பின்னால் விரல் விரலாகத் தொங்கும் பகுதியின் கொழுப்பில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். செவுள் வெளுத்து, ஈரல் கறுத்து, வயிற்றில் நீர் கட்டியிருந்தால் ஐ.எஸ்.ஏ. என்ற தொற்றுச் சோகையைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு கட்டுவது உங்கள் வேலை அல்ல. கண்டதை எழுதிப் படம் எடுத்து மீன் மருத்துவரிடம் கொடுப்பதே வேலை.

சதவீதம்

அன்று செத்தவை ÷ அன்று காலை உயிரோடு இருந்தவை × 100. கூண்டில் 1,60,000 மீன், செத்தது 32 என்றால் 0.02 சதவீதம். எளிய கணக்குதான், ஆனால் புயலடித்து மூன்று நாள் எடுக்க முடியாமல் நான்காம் நாள் 136 வந்தால்? ஒரே நாளில் எழுதினால் 0.085 சதவீதம், வீண் பதற்றம். நான்கால் வகுத்தால் நாளுக்கு 34, வழக்கமான அளவே. "நான்கு நாள் சேர்ந்தது" என்று குறிப்பில் எழுதாவிட்டால் அடுத்த மாதம் வரைபடம் பார்ப்பவருக்கு அது நோயாகத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 32, 35, 30, 48, 61, 77 என்று வந்தால் எந்த ஒரு நாளும் பெரிதாகத் தெரியாது. 77 என்பதும் 0.05 சதவீதத்துக்குள்தான். ஆனால் மூன்றே நாளில் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. அந்தக் கூண்டை அதன் போன வாரத்தோடும் பக்கத்துக் கூண்டோடும் ஒப்பிடுங்கள். ஒரு கூண்டில் மட்டும் ஏறினால் அந்த மீன் வந்த குஞ்சு நிலையம், வலைக் கிழிசல் பக்கம் தேடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஏறினால் தண்ணீரைப் பாருங்கள்.

உயிருள்ள மீன்

தண்ணீர் 4 டிகிரிக்கு மேல் இருந்தால் வாரம் ஒரு முறை, கீழே போனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேன் எண்ண வேண்டும். கூண்டுக்குக் குறைந்தது 10 மீன், வசந்தகால வாரங்களில் 20. சராசரியாக மீனுக்கு 0.5 முதிர்ந்த பெண் பேன் வரம்பு, வசந்தகாலத்தில் 0.2. மயக்க மருந்துத் தொட்டியில் ஒன்றிரண்டாகவே விடுங்கள். மீனிலிருந்து கழன்று தொட்டியில் மிதக்கும் பேனையும் எண்ணுங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான். முட்டைச் சரம் இல்லாத பெரிய பெண் பேனும் பெண் பேன்தான். வெளிர் நிறத்தில் சிறிதாக இருக்கும் இன்னொரு இனத்தை இதோடு சேர்க்காதீர்கள். மீன் கையில் இருக்கும்போதே செவுளில் வெண்திட்டு எவ்வளவு என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுவிடுங்கள். அமீபா நோய் அப்படித்தான் பிடிபடும். வாரத்துப் பேன் கணக்கு செவ்வாய்க்கிழமைக்குள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான மாட்டில்சினெட்டுக்குப் போக வேண்டும்.

மருத்துவரைக் கூப்பிடும் நேரம்

காரணம் புரியாமல் சாவு ஏறினால் உடனே மருத்துவரையும் ஆணையத்தையும் அழைப்பது சட்டக் கடமை. நாளை பார்க்கலாம் என்பது கிடையாது. மாதிரிக்குச் சாகக் கிடக்கும் மீனைப் பிடித்துக் கொன்று உடனே எடுங்கள். செவுள் திசு செத்த சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். இதயம், செவுள், சிறுநீரகம், ஈரல், மண்ணீரல், கணையப் பகுதி என அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாத துண்டுகள், அவற்றைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின். தடித்த துண்டின் நடுவில் மருந்து இறங்காமல் அழுகும். உறையவைத்த மீன் நுண்ணோக்கிக்கு உதவாது.

கழிவு

எண்ணி முடித்ததை அன்றே அரைத்து ஃபார்மிக் அமிலம் கலந்து பிஎச் 4-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். கலக்கி, அளந்து, சில மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். எலும்பு அமிலத்தை உறிஞ்சுவதால் முதல் அளவு ஏமாற்றும். பிஎச் ஏறினால் அழுகல் தொடங்கி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். மூடியைத் திறந்து தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள், ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.

அறுவடை நாளில் ஆலையின் எண்ணும் கருவி ஒரு எண் சொல்லும். விட்ட குஞ்சிலிருந்து நீங்கள் தினமும் எழுதிய சாவைக் கழித்த எண்ணோடு அதை வைத்துப் பார்ப்பார்கள். சில ஆயிரம் குறைந்தால் விடும்போதே எண்ணியது தவறா, மீன் தப்பியதா, வலை மடிப்பில் கிடந்து கரைந்ததா என்று உங்கள் குறிப்பேட்டைப் புரட்டுவார்கள்.