துவக்குக்குப் புதிய பிடங்கு

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வயல் காக்க அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் பழைய ஒற்றைக்குழல் துவக்குகள் என்னிடம் வந்தால், முதலில் பிடங்கின், அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதியின், ஒடுங்கிய கழுத்தைத்தான் பார்ப்பேன். பிளவு அங்கேதான் தொடங்கும்.

தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பெரும்பாலும் பிடங்கின் பின்முனையிலுள்ள அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே நீண்ட போல்ட் இருக்கும். அதைத் திருகி எடுத்தால் பிடங்கு கையோடு வரும்.

புதியதற்குத் தேக்கே என் தெரிவு. முதிரை அழகுதான், ஆனால் பாரம். கழுத்தில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடவேண்டும்.

பிடங்கோடு பொருந்தும் துவக்கின் இரும்புப் பகுதியில் விளக்குக்கரி பூசி மரத்தில் அழுத்துங்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டி, மறுபடி அழுத்திப் பாருங்கள். அவசரம் கூடவே கூடாது. இரும்பு சமமாகப் படியாவிட்டால் உதைப்பு முழுவதும் ஒரு மூலையில் இறங்கி மரத்தைப் பிளந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை மெல்லியதாகத் தேயுங்கள். வெட்டுமுகங்களை விட்டுவிடாதீர்கள், மாரி ஈரம் அங்கேதான் புகும்.