350 என்றால் எந்த 350?

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டுக்கு வடக்கே வுட்வர்டு அவென்யூவில் போய் நின்றால், ஐம்பது அறுபது வருடத்துப் பழைய கார்கள் மைல் கணக்கில் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். 1995-லிருந்து நடக்கிற கூத்து இது. ஓரம் கட்டிய கார்களில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். "எங்கப்பாகிட்ட இதே வண்டிதான் இருந்தது" என்று யாராவது வந்து நிற்பார். அவர் அடுத்துச் சொல்லும் நாலு விஷயத்தில் ரெண்டு தப்பாக இருக்கும். நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். ஒரு தடவை காசும் விட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அநேகமாக எல்லாத் தவறும், கண்ணெதிரே இருக்கும் ஏதோ ஒரு எண்ணை அப்படியே நம்புவதில்தான் தொடங்குகிறது.

முதலில் குதிரைத்திறன். "1970-ல் கேடிலாக் எல்டொராடோ 400 குதிரை, 1976-ல் அதே 8.2 லிட்டர் இன்ஜின் வெறும் 190. புகைச் சட்டம் போட்டு இன்ஜினைக் கொன்றுவிட்டார்கள்" என்ற புலம்பல் இங்கே அடிக்கடி காதில் விழும். ரெண்டு எண்ணும் சரி. ஆனால் ரெண்டையும் அளந்த படி வேறு.

1971 வரை அமெரிக்க கம்பெனிகள் விளம்பரத்தில் போட்டது மொத்தத் திறன். இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி, ஏர் பில்டர் இல்லாமல், வண்டியின் சைலன்சர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் மாதிரியான சுமை எதுவும் இல்லாமல் முறுக்கி எடுத்த கணக்கு. 1972 மாடலிலிருந்து நிகரத் திறன் வந்தது. அதாவது காரில் இருக்கும்போது சுமக்கிற எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அளப்பது. செவ்ரலேயின் சாதாரண 350 இன்ஜின் 1971-ல் 245 குதிரை, 1972-ல் 165. இன்ஜின் ஏறக்குறைய அதேதான். எல்டொராடோவையும் பிரித்துப் பாருங்கள்: 1970-ல் 400, 1971-ல் 365, 1972-ல் 235. முதல் இறக்கம் நிஜம். ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக, கேடிலாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை, குறைத்த வருடம் அது. அடுத்த 130 பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய். 235-லிருந்து 190 வரை போனது மறுபடியும் நிஜம். ஆக, புகைச் சட்டத்தின் மேல் போடும் பழியில் பாதிக்கு மேல் அளவுகோலின் மேல் போட வேண்டியது. 1969 விளம்பர எண்ணை எடுத்து இன்றைய காரின் எண்ணோடு ஒப்பிடுகிறவர்கள் படியையும் மரக்காலையும் ஒன்றாகக் கூட்டுகிறார்கள்.

அடுத்தது தலைப்பில் இருக்கும் கேள்வி. 350 என்பது கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு, சுமார் 5.7 லிட்டர். வாங்குபவர் "350 வி8" (வி8 என்றால் V வடிவில் எட்டு சிலிண்டர்) என்று படித்ததும் மனசுக்குள் ஒரே இன்ஜினை நினைத்துக்கொள்கிறார். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் செவ்ரலே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், ப்யூக் நான்கும் ஆளுக்கொரு 350 செய்தன. நாலு பேருக்கும் ஒரே இனிஷியல், ஆனால் ரத்த சம்பந்தம் கிடையாது. செவ்ரலேயில் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 4 அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.48. ப்யூக்கில் போர் 3.80, ஸ்ட்ரோக் 3.85. ஒன்றின் சிலிண்டர் ஹெட் (மேல்மூடி) இன்னொன்றுக்குச் சேராது. ஃபோர்டிலும் இதே கதை: 351 விண்ட்சர் வேறு, 351 கிளீவ்லண்ட் வேறு, செய்த ஊரை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள்.

இந்தக் குழப்பம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 1977-ல் ஓல்ட்ஸ்மொபில் டெல்டா 88 வாங்கிய சிலர், பாகம் மாற்றப் போன இடத்தில்தான் உள்ளே செவ்ரலே இன்ஜின் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஓல்ட்ஸ்மொபிலின் 'ராக்கெட்' இன்ஜினுக்கென்று காசு கொடுத்தவர்களுக்குக் கோபம் வராதா? வழக்குகள் குவிந்தன, கம்பெனி இழப்பீடு கொடுத்தது.

நேரில் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே என்று பாருங்கள். முன்பக்கம், ரேடியேட்டரை ஒட்டி இருந்தால் ப்யூக். பின்பக்கம் இருந்தால் மற்ற மூன்றில் ஒன்று. அதிலும் முன்னால் ஆயில் ஊற்றுவதற்கென்று ஒரு குழாய் நிமிர்ந்து நின்றால் ஓல்ட்ஸ்மொபில். இன்ஜினின் நிறத்தை நம்பாதீர்கள். செவ்ரலே ஆரஞ்சு, பான்டியாக் வெளிர் நீலம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆரஞ்சு டப்பா எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கிறது.

இனி நான் காசு விட்ட கதை. பின்னால் பார்த்து உட்காரும் மூன்றாவது சீட், பக்கவாட்டில் மரப் பலகை, 1973 மாடல் ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்பக்கம் வரை நீளும் குடும்பக் கார். மீட்டரில் 41,000 மைல். விற்றவர் "ஒரு பாட்டியம்மா சர்ச்சுக்கு மட்டும் ஓட்டினது" என்றார். பாட்டியம்மா இல்லாத பழைய கார் விற்பனையே கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிரேக் பெடலின் ரப்பர் ஓரத்தில் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து கதவோரத்தைத் துடைக்கும்போது ஆயில் மாற்றியதற்கான ஒரு பழைய ஸ்டிக்கர் கிடைத்தது. 1981-ம் வருடம், 87,000 மைல் என்று பேனாவில் எழுதியிருந்தது.

அந்தக் காலத்து மீட்டர்களில் பெரும்பாலும் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். என் வண்டி ஓடியது 1,41,000. ரெண்டு மாதத்தில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது. ஆயில் பேனைக் கழற்றினால் அடியில் சோளப்பொரி உமி மாதிரி பழுப்புத் துணுக்குகள். அந்த நாளில் சத்தம் வரக்கூடாதென்று பல அமெரிக்க இன்ஜின்களில், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும் டைமிங் செயினின் சக்கரத்துக்கு நைலான் பல் வைத்திருந்தார்கள். வயதானால் அது உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஆகவே மீட்டரை விட்டுவிட்டு பெடல், டிரைவர் பக்கத்துக் கைப்பிடி, சாவித் துவாரம் மூன்றையும் பாருங்கள். இவற்றுக்குப் பொய் சொல்ல வராது.

அந்த மரப் பலகையும் மரமில்லை. ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயரில் 1952 மாடலோடு நிஜ மரப் பலகை போய், மரக்கோடு போட்ட ஒட்டுத்தாள் வந்துவிட்டது. "அந்தக் காலத்து மர வேலைப்பாடு" என்று 1970-களின் வேகனைத் தடவிப் பார்த்து உருகுகிறவர்களை நான் திருத்துவதில்லை. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்.

துருவுக்குப் பெரிய வித்தை வேண்டாம், பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும். பின்சக்கரத்துக்கு மேலே அது ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். ரோட்டில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ வண்டி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

ஆயில் விஷயத்தில் "விலை உயர்ந்தது நல்லது" என்பதும் தவறு. பழைய இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட், வால்வைத் தள்ளும் தட்டையான டாப்பெட்டின் மேல் உரசிக்கொண்டே சுற்றும். அதைக் காப்பது ஆயிலில் கலந்த துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால் புதிய கார்களுக்கான ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜினுக்கென்றே விற்கும் ஆயிலைக் கேட்டு வாங்குங்கள்.

"அந்தக் கால இரும்பு, மோதினால் எதிரே வந்தது நொறுங்கும்" என்பவர்களோடு மட்டும் நான் சண்டை போடுவேன். 2009-ல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்புக் கழகம், 1959 செவ்ரலே பெல் ஏரையும் 2009 மலிபுவையும் மணிக்கு 40 மைலில் மோதவிட்டது. பெல் ஏரில் டிரைவர் உட்காரும் இடமே நசுங்கிவிட்டது. "இன்ஜினைக் கழற்றிவிட்டு மோதினார்கள்" என்று ஒரு வதந்தி இன்றும் ஓடுகிறது. ஆறு சிலிண்டர் இன்ஜின் உள்ளேதான் இருந்தது. பெல்ட் இல்லாத பழைய பின்சீட்டில் குழந்தைகளை ஏற்றுகிறவர்கள் முதலில் பெல்ட் மாட்டட்டும், குரோம் பாலிஷ் அப்புறம்.

வேகனை விற்றுவிட்டேன், மைல் கணக்கைச் சரியாகச் சொல்லித்தான். இப்போது இருப்பது 1974 டாட்ஜ் டார்ட். வி8 இல்லை, 225 கன அங்குல ஆறு சிலிண்டர். பானெட்டைத் தாழ்வாக வைப்பதற்காகக் கிரைஸ்லர் இந்த இன்ஜினை 1960 மாடலிலேயே 30 டிகிரி சாய்த்துப் படுக்கவைத்தது. அன்றாடம் ஓட்ட ஒரு பழைய கார் வேண்டும் என்று கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். என்ன, வுட்வர்டில் இதன் பானெட்டைத் திறந்து வைத்தால் யாரும் வந்து நிற்பதில்லை. போன ஆகஸ்டில் ஒரே ஒருவர் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்ஜின் ஒரு பக்கமா சரிஞ்சு கிடக்கே, மவுண்ட் உடைஞ்சிருச்சா?"